துண்டுக்குள் போன ரேகை

எங்கள் சட்டப்படி ரேகைதான் ஆள். உடம்பு அந்த ஆள் குடியிருக்கும் இடம். இடம் மாறினாலும் ஆள் மாறுவதில்லை. ஆகவே என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவின் ரேகைகள் மாரம்பட்டி மாட்டுச் சந்தையில் குப்பண்ணன் என்பவரின் கைக்கும், குப்பண்ணனின் ரேகைகள் என் வீட்டுக்காரரின் கைக்கும் போய்ச் சேர்ந்தபோது, என் வீட்டுக்காரர் குப்பண்ணனின் உடம்புக்குக் குடிபோய்விட்டார் என்று ஆகிவிட்டது. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

கேட்பவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக நான் இங்கே உடம்பை வைத்தே பேர் சொல்கிறேன். சட்டத்துக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும், சட்டத்துக்குப் பிடித்த மாதிரி நான் ரொம்ப காலம் பேசியாகிவிட்டது.

ரேகை இடம் மாறுவது புதிதல்ல. இரண்டு பேர் ரொம்ப நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் மாறிவிடும். வலது கை ரேகை போனால் இடது கை ரேகையும் பின்னாலேயே போய்விடும். தனியாக இருந்து அது என்ன செய்யும்? அதனால் எங்கள் பக்கத்தில் கை குலுக்கும் பழக்கம் எப்போதோ போய்விட்டது. கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் சுண்டுவிரலைப் பிடித்து மணவறையைச் சுற்றும்போது அடையாள அலுவலகத்து ஆள் ஒருவரும் கூடவே சுற்றுவார். மூன்றாவது சுற்று முடிந்ததும் “விடுங்க” என்பார். விட்டுவிடுவார்கள். அவருக்கும் வெற்றிலை பாக்கு வைத்து, பந்தியில் முதல் இலை போட்டு அனுப்புவோம்.

ஆனால் மாட்டுச் சந்தைக்குள் அந்த ஆள் வருவதில்லை. சந்தையைப் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் வலது கையை ஒரு துண்டுக்கு அடியில் நீட்டி, ஒருவர் விரலை ஒருவர் பிடித்தும் மடக்கியும் பேசுவார்கள். எந்த விரலைப் பிடித்தால் என்ன அர்த்தம் என்பது அவர்களுக்குள் ஒரு பாஷை. மேலே முகம் இரண்டும் இந்த வருசம் மழை எப்படி என்று விசாரித்துக்கொண்டிருக்கும்; கீழே கை இரண்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். துண்டு மூடிய இடம் அந்தரங்கம் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதனால் “விடுங்க” என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது.

என் வீட்டுக்காரர் மாட்டுத் தரகர். அன்றைக்குக் குப்பண்ணன் ஒரு மயிலைக் காளையைப் பிடித்து வந்திருந்தார். இவருக்கு அந்தக் காளைமேல் கண். காலையில் துண்டைப் போட்டவர்கள் பொழுது சாய்கிற வரைக்கும் எடுக்கவில்லை. இவர் ஏறி வர மாட்டார், அவர் இறங்கி வர மாட்டார். இரண்டு பேருக்கும் பிடிவாதம் கொஞ்ச நஞ்சமல்ல. பக்கத்தில் டீ வாங்கி இடது கையால் குடித்தார்களாம். கடைசியில் வியாபாரம் படியாமல் கையை உதறிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். காளையும் வந்த வழியே போயிற்று.

மறுநாள் என் வீட்டுக்காரர் ரேஷன் கடையில் மெஷினில் விரலை வைத்தார். அது குப்பண்ணன், மேட்டுக்கடை என்று காட்டியது. கடைக்காரர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“உங்களுக்கு மேட்டுக்கடையில அரிசி இருக்குதுங்க. அங்க போயி வாங்கிக்கங்க.”

இவர் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் களைக்கொத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“புள்ள, நான் போயிட்டனாட்ட இருக்குது.”

“எங்கீங்க?”

“குப்பண்ணங்கிட்ட.”

“சரி, சாப்பிட்டுப் போங்க” என்றேன். கொள்ளுப் பருப்பும் ரசமும் வைத்திருந்தேன். சாப்பிடும்போது, கிணற்று மேட்டு வேப்பமரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. எப்போதும் அப்படித்தான். இன்றைக்குக் கேட்டால் நாளைக்குச் சொல்வார்.

அன்று மத்தியானமே அடையாள அலுவலர் ஜமால் பைக்கில் வந்தார். பின்னால் ஒரு மஞ்சள் பையோடு குப்பண்ணன் உட்கார்ந்திருந்தார். ஜமால் நல்ல மாதிரி. சட்டத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

“குடும்பம் ரேகையைத் தேடிப் போகக்கூடாதுங்கம்மா. ரேகைதான் குடும்பத்தத் தேடி வரணும். அதனால உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்” என்று குப்பண்ணனைக் காட்டினார். “குப்பண்ணனை அவரு வீட்டுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்” என்று என் வீட்டுக்காரரைக் காட்டினார்.

“இவரு வர்றதுக்குச் சம்மதிச்சாருங்களா?”

“எல்லாமே விருப்பத்தின் பேர்லதாங்கம்மா. விரும்பறதுதான் கட்டாயம்.”

வந்தவர் இறங்க, இருந்தவர் ஏறிக்கொண்டார். பைக் ஒரு தடவை வந்து போனதோடு வேலை முடிந்தது. நான் இரண்டு வேட்டியும் வெற்றிலைப் பையும் எடுத்துக் கொடுத்தேன். வண்டி திரும்பும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தரகர்கள் இடத்தை விட்டுக் கிளம்பினால் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் விலை ஏறிவிடும் என்பார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

குப்பண்ணன் சட்டப்படி என் புருசன், நடப்புப்படி விருந்தாளி. ஆள் நெட்டையாக, நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். என்னை ‘அம்மிணி’ என்றுதான் கூப்பிட்டார். மாட்டுக் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டார். விடிவதற்கு முன்னால் எழுந்து சோளத்தட்டு அறுத்து மாடுகளுக்குப் போட்டுவிடுவார். தட்டில் போட்டதைச் சாப்பிட்டுத் தட்டைத் தானே கழுவி வைப்பார். குறட்டை இல்லை, கோபம் இல்லை. இதைக் கேட்டுவிட்டு ஊர்ப் பெண்கள் என்னைப் பொறாமையாகப் பார்த்தார்கள். ஒருத்தி, தன் வீட்டுக்காரரையும் சந்தைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

எனக்கோ கோபம் கோபமாக வந்தது. அந்த மனிதர்மேல் இல்லை. அவர் தங்கமான மனிதர், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தக் குறை சொல்ல ஒன்றும் இல்லாததுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் அல்ல. ரசத்தில் புளி கூட என்பார், கொஞ்சம் குறைத்தால் புளியே இல்லை என்பார். காசித் துண்டை ஈரத்தோடு கட்டிலில் போடுவார். ஆனால் நான் அவரோடு சண்டை போட்டுப் பழகியவள். எனக்கு அவர்தான் வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் மேட்டுக்கடையிலிருந்து போன் வந்தது. குப்பண்ணனின் மனைவி மரகதம்.

“அக்கா, நல்லா இருக்கறீங்களா? உங்க ஊட்டுக்காரரு இங்க வந்த மறுநாள் காத்தால எந்திரிச்சதும் எம்மொகத்தப் பாத்து, ‘வேண்டாம்’னாருங்க. நான் ஒண்ணுமே கேக்கலீங்க. இத்தன நாளா ரோசனை பண்ணிப் பாக்கறேன், எதுக்குச் சொன்னாருன்னே வெளங்கலீங்க.”

“அது எனக்குச் சொன்னதுங்க. வேப்பமரத்த வெட்ட வேண்டாங்கறாரு.”

“அப்படீங்களா” என்றாள் மரகதம். பிறகு அவள், “எங்க ஊட்டுக்காரரு மோருல உப்புப் போட்டாக் குடிக்க மாட்டாருங்க. கேக்கவும் மாட்டாரு. அப்படியே வெச்சுருவாரு” என்றாள். அப்போதுதான் தினமும் மோர் டம்ளர் நிறைந்தபடியே திரும்பி வருவதன் காரணம் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் தினமும் பேசினோம். எனக்கும் பிள்ளைகள் இல்லை, அவளுக்கும் இல்லை. இருந்திருந்தால் சட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருந்திருக்கும்.

இரண்டு பேரும் சேர்ந்து வக்கீல் திலகவதியைப் போய்ப் பார்த்தோம். அவர் சட்டப் புத்தகத்தைத் திறக்காமலே பேசினார்.

“கேஸ் போடலாம். ஆனா நீங்க போட முடியாது. ரேகை சம்பந்தமா யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அடையாள ஆணையம் மட்டும்தான் புகார் கொடுக்க முடியும்.”

“கஷ்டம் எங்களுக்குத் தானுங்களே?”

“கஷ்டம் உங்களுது. புகார் ஆணையத்தோடது.”

திருட்டுப் போன வீட்டின் சொந்தக்காரர் வாயைப் பொத்திக்கொண்டிருக்க, பூட்டு செய்த கம்பெனிக்காரர் போலீசுக்குப் போவது மாதிரி என்று மரகதம் சொன்னாள். வக்கீல் அதை மறுக்கவில்லை.

“ஆணையம் எப்ப புகார் கொடுக்குமுங்க?”

“அதுக்கு வருத்தம் வந்தா கொடுக்கும். சட்டத்துல அப்படித்தான் இருக்கு. நீங்க போயி அதை வருத்தப்பட வைங்க. இப்பவே போங்க, மழைக்காலம் வந்துட்டா எடுத்துக்க மாட்டாங்க.”

ஆணையம் மாவட்டத் தலைநகரில் இரண்டாவது மாடியில் ஓர் அறை. உள்ளே ஒரு மின்விசிறி, இரண்டு நாற்காலி, நீல டிஸ்டெம்பர் அடித்த ஒரு பெரிய சுவர். அந்தச் சுவர்தான் முக்கியம். ஆணையத்துக்கு வருத்தம் வந்தால் அது ஈரமாகும். முன்பெல்லாம் சிலர் மழைக்காலத்தில் வந்து, ஒழுகுகிற சுவரைக் காட்டிப் புகார் வாங்கிப் போனார்களாம். அதிலிருந்து கோடையில் மட்டும்தான் வருத்தத்தை ஏற்றுக்கொள்கிறார்கள்.

அங்கேயும் ஜமால்தான் பொறுப்பு. அவர் சுவரோரமாக நின்று உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டார். “சொல்லுங்கம்மா.”

நான் முதலில் நியாயத்தைச் சொன்னேன். தாலி கட்டினது ரேகையா, கையா என்று கேட்டேன். ஜமால் தலையை ஆட்டினார், சுவர் உலர்ந்திருந்தது. அடுத்து நன்றாகத் திட்டினேன். எங்கள் ஊரில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. சுவர் அசையவில்லை. மரகதம் மோர் விசயத்தைச் சொல்லிப் பார்த்தாள். “லேசாக் குளுகுளுன்னு இருக்கு, ஆனா இது மின்விசிறிக் காத்து” என்றார் ஜமால்.

எனக்கு அலுத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கு என்று இல்லாமல் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும். அவர் போன பிறகும் என் கை அந்தப் பழக்கத்திலேயே போட்டுவிடுகிறது. குப்பண்ணனுக்குச் சர்க்கரையே ஆகாது, டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இது எனக்கு மரகதம் சொல்லித்தான் தெரியும். ஆனால் அவர் தினமும் அந்த டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, “நல்லா இருக்குதுங்க அம்மிணி” என்கிறார். தெரிந்த பிறகும் மறுநாள் என் கை அப்படியே போட்டது. அவரும் அப்படியே குடித்தார். நான் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஜமால் உள்ளங்கையை எடுத்துப் பார்த்தார். “கசியுதுங்கம்மா” என்றார். சுவரின் கீழ்ப்பக்கம் ஒரு முறம் அளவுக்குக் கருநீலமாகியிருந்தது. மேலேயிருந்தும் ஒரு கோடு இறங்கிற்று. அவர் கைக்குட்டையால் துடைத்து, அதையே புகாராக ஏற்றுக்கொண்டார்.

புகார் போய்ச் சேர்ந்த தீர்ப்பாயம் இரண்டே வாய்தாவில் முடித்துவிட்டது. தலைவர் வயதானவர். மாட்டுச் சந்தை பற்றி அவருக்கு மரியாதை இருந்தது.

“எந்த விலையில வெச்சு ரேகை மாறிச்சு?” என்று கேட்டார்.

“அது துண்டுக்குள்ளங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“துண்டுக்குள்ளங்க” என்றார் குப்பண்ணனும்.

தலைவர் அதோடு விட்டுவிட்டார். துண்டு அந்தரங்கம், அதைத் தீர்ப்பாயமே தூக்கிப் பார்க்கக்கூடாது. ரேகை எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே திரும்பட்டும் என்று உத்தரவு போட்டார். அதே சந்தை, அதே துண்டு, அதே காளை. பேரமும் மெய்யாக இருக்க வேண்டும். நடிப்புப் பேரத்துக்கு ரேகை அசையாது.

அந்த வாரச் சந்தையில் எல்லாரும் கூடினோம். மயிலைக் காளையை மேட்டுக்கடையிலிருந்து என் வீட்டுக்காரர்தான் பிடித்து வந்தார். இத்தனை நாளில் அது அவரிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. தீர்ப்பாயத் தலைவரும் உறுப்பினர்களும் அந்தரங்கத்தை மதித்து வேலிப்பக்கம் திரும்பி நின்றார்கள். நான் சாயங்காலம் வரைக்கும் ஆகும் என்று கட்டுச்சோறு கொண்டு போயிருந்தேன். இரண்டு பேரும் துண்டைப் போட்டார்கள். மரகதம் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் நின்ற மாத்திரத்தில், “படிஞ்சுதுங்க” என்று குப்பண்ணன் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

வியாபாரம் முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அந்தக் காளையைக் கூடவே இருந்து கவனித்தவர். அதன் அருமை அவருக்குத் தெரிந்துவிட்டது. குப்பண்ணன் எங்கள் கொட்டகையிலேயே படுத்து எழுந்தவர். காளை போகிற இடம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. விலையில் முட்டிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. ரேகை புறப்படுவதற்குள் கைகள் பிரிந்துவிட்டன. ஜமால் மெஷினை நீட்டிப் பார்த்தார். ரேகையெல்லாம் மாறினது மாறினபடியேதான் இருந்தது.

“உத்தரவு நிறைவேறிடுச்சு” என்றார் தலைவர். “பலன் கிடைக்கலை. அது வேற, இது வேற.” வழக்கு முடிந்தது என்று சொல்லிவிட்டு, போண்டா சூடாக இருக்கிறதா என்று உறுப்பினர்களிடம் விசாரித்தபடி டீக்கடைப் பக்கம் நடந்தார்.

நான் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். கையால் அல்ல, வாயால்தான்.

“ஏனுங்க, அன்னிக்கு ஒருநாப் பொழுதுக்கும் வெச்சு இழுத்தீங்க. இன்னிக்குக் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள உட்டுப்போட்டீங்க. அறிவிருக்குதுங்களா?”

அவர் காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நான் கட்டுச்சோற்றைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். சந்தையில் பத்துப் பேர் பார்க்க அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

மரகதம் தன் வீட்டுக்காரரின் தோளிலிருந்து துண்டை எடுத்து உதறினாள்.

“அக்கா, அழுதது போதுமுங்க. நம்ம ரெண்டு பேரும் பேசிப் பாக்கலாமா?”

எனக்குச் சட்டென்று புரிந்தது. என் ரேகை அவளுக்கும் அவள் ரேகை எனக்கும் வந்துவிட்டால் நான் மரகதம் ஆகிவிடுவேன். மரகதம் குப்பண்ணனின் மனைவி. சட்டப்படி குப்பண்ணன் என்பவர், காளையைத் தடவிக்கொண்டு நிற்கிற என் வீட்டுக்காரர். அப்படியானால் அவரோடு நான் போகலாம். அவள் அவளுடைய நெட்டை மனிதரோடு போகலாம். பேரும் வீடும் மட்டும்தான் மாறும்.

சந்தையில் பெண்கள் துண்டு போட்டதில்லை என்று ஒரு பெரிய தரகர் ஜமாலிடம் ஆட்சேபித்தார். ஜமால் யோசித்தார். “சட்டத்துல துண்டுன்னு மட்டும்தான் இருக்குதுங்க. யாரு கைன்னு போடலை” என்றார்.

எதற்கு விலை பேசுவது என்பது அடுத்த கேள்வி. காளை விற்றாகிவிட்டது. வேறு மாடு எதையும் நாங்கள் சந்தைக்குப் பிடித்து வரவில்லை. ஆகவே ஆண்கள் இரண்டு பேரையும் வேலியோரம் நிழலில் நிறுத்தினோம். மரகதம் தன் புருசனுக்கு விலை கேட்டாள். சட்டப்படி என்னுடையவர் என்பதால் நான் சொன்னேன். நான் என்னுடையவருக்குக் கேட்டேன், அவள் சொன்னாள். பேரம் மெய்யாகத்தான் இருந்தது. அவள் விரலில் சொன்ன விலைக்கு நான் மலைத்துவிட்டேன். இத்தனை நாள் சோறு போட்டதில் அந்த மனிதரிடம் அவள் என்னென்ன கண்டுபிடித்திருக்கிறாள்! நானும் சளைக்கவில்லை. குப்பண்ணன் தானே தட்டுக் கழுவுகிறவர், அவரைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? மேலே நாங்கள் இரண்டு பேரும் இந்த வருசம் மழை எப்படி என்று விசாரித்துக்கொண்டோம்.

வெயில் ஏறி இறங்கிற்று. வழியில் போன ஒருவர் என் வீட்டுக்காரரின் முன்னால் நின்று வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். இவரும் திறந்து காட்டினார். “வயசுக்குப் பல்லு தேவலை” என்று சொல்லிவிட்டு அவர் போனார். பொழுது சாயும்போது என் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. மரகதம் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேரும் கையை எடுத்தோம். ஜமால் மெஷினைக் கொண்டுவந்தார்.

“மரகதம், மேட்டுக்கடை” என்று என்னைப் பார்த்து வாசித்தார். “நாகரத்தினம், புளியங்காடு” என்று அவளைப் பார்த்து வாசித்தார். நாகரத்தினம் அதுவரை நான்தான்.

அவள் என் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். நான் அவள் சாவியை வாங்கிக்கொண்டேன். அடுப்படி ஓட்டில் எந்த இடத்தில் ஒழுகும், பின்கதவை எப்படித் தூக்கிச் சாத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். கட்டிய நாளிலிருந்து நான் வாசல் தெளித்த வீடு. ஒவ்வொரு ஓடும் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றை வாங்க வேண்டுமென்றால் ஒன்றைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். காளையைப் பிடித்துக்கொண்டு முன்னால் அவர் நடக்க, பின்னால் நான் நடந்தேன். மேட்டுக்கடை போய்ச் சேருகிற வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் அந்த வீட்டு அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தேன். எல்லாம் இடம் மாறியிருந்தது. உப்பு ஜாடி என்று எடுத்தால் வெந்தயம் வந்தது. அவர் பல் துலக்கிவிட்டு வந்து நிலைப்படியில் சாய்ந்தார்.

“அன்னிக்கு மாடு வேணும்னு இருந்துச்சு புள்ள. அதனால உடல. நேத்து ஊட்டுக்குப் போகோணும்னு இருந்துச்சு. அந்த அவசரத்துல உட்டுப்போட்டேன்.”

டீ டம்ளரில் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டேன்.

அந்த நேரத்தில்தான் வீடு அசைந்தது. முதலில் ஓடுகள் கடகடவென்று ஒலித்தன. பிறகு நிலைப்படி ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டது. எங்களை வைத்துக்கொண்டு கிளம்பக் கூச்சப்பட்டு அது தயங்கி நிற்பது தெரிந்தது. “கொஞ்சம் இருங்க, அடுப்பில பால் இருக்குது” என்றேன். அது இருந்தது. நான் பாலை இறக்கி, டீயைக் கலந்து எடுத்துக்கொண்டேன். அவர் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டார். இரண்டு பேரும் வெளியே வந்து வழி விட்டோம். வீடு எழுந்து, கரண்ட் கம்பிக்குக் குனிந்து, தன் ஆட்களைத் தேடிப் புளியங்காட்டுப் பாதையில் மேற்கே நடந்தது.

சற்று நேரத்தில் போன் அடித்தது.

“அக்கா, உங்க ஊடு காத்தாலேயே கெளம்பிருச்சுங்க. நாங்க வெளியில கட்டல்ல உக்காந்திருக்கறோம்.”

“உங்களுதும் இப்பத்தான் கெளம்புச்சுங்க. கதவத் தாள் போடாம உட்டுட்டேன், வழியில தெறந்துக்காம இருக்கோணும்.”

“வாய்க்காப் பாலத்துல ரெண்டும் எதுருக்கெதுரா வந்துட்டா என்னுங்க பண்றது?”

நான் அவரிடம் கேட்டேன். அதிசயமாக அவர் அப்போதே பதில் சொன்னார். “ஏதாச்சும் ஒண்ணு ஒதுங்கி நிக்கும்.”

காளையை வேலியோரம் கட்டிவிட்டு, வீடு இருந்த இடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தோம். தரை இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. டீயைக் குடித்தோம். வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில் எங்கள் வீடு வளைவில் தெரிந்தது. அதற்கு நடந்து பழக்கமில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. படியெல்லாம் செம்மண். கிட்டே வந்ததும், எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று தெரியாமல் நின்றது.

நான் எழுந்து கிழக்கே கை காட்டினேன். அது திரும்பி உட்கார்ந்தது. ஒரு குடம் தண்ணீர் எடுத்துப் படியில் ஊற்றிக் கழுவிவிட்டு, சமையலுக்கு நேரமாகிவிட்டதே என்று உள்ளே போனேன்.